பின்பக்கமாக ஏறிய மேடு

இரும்புக்குள் எலி வராது என்று நினைத்தேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கார்த்திகை மழையில் எங்கள் வீட்டு ஓடு நாலைந்து இடங்களில் ஒழுகியது. ஓட்டைப் பிரித்து ஷீட் போட ஆள் கூப்பிட்டோம். அப்போதுதான் சாமை அறுத்துத் தூற்றி ஆறு மூட்டை கட்டி வைத்திருந்தோம். எங்கள் மலையில் தானியம் என்றால் பரணுக்குப் போகும். பரணைத்தான் பிரித்துப் போட்டிருந்தார்களே. பக்கத்து வீட்டில் இடம் கேட்டிருக்கலாம். ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்பது என்றால் நான் முதல் நாளே சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுநாள் போகாமல் இருந்துவிடுவேன். வாசலில் என் வேன் நின்றது. நாலு பக்கமும் தகடு, கண்ணாடி ஏற்றினால் காற்றுகூட நுழையாது. ஆறு மூட்டையையும் அதற்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். இருபத்திரண்டு நாள் வேனை எடுக்கவே இல்லை.

ஷீட் போட்டு முடித்து மூட்டையை இறக்கினோம். ஒரே ஒரு மூட்டையில் ஒரே ஒரு ஓட்டை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. எலி சாமையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒயரைத் தின்றிருக்கிறது. முன் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் எஞ்சின் மேலே பஞ்சு, சருகு, சாக்குநூல் எல்லாம் சேர்த்து ஒரு மெத்தை. பச்சை, மஞ்சள், ஊதா என்று கலர் கலராக ஒயர்த் துண்டுகள்.

"சாமைய வுட்டுட்டு ஒயர தின்னுக்கீது பாரு," என்றாள் என் மனைவி. "உன் வண்டி ருசியான வண்டிதான்."

வேனை ஒரு டிராக்டரில் கட்டி மலைக்குக் கீழே ஆலங்காயத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக வண்டி பார்ப்பவர். வாய் ஓயாது. நான் பேசாதவன் என்பதால் அவருக்கு என்னைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவர் சீட்டைத் தூக்கி, ஒரு ஒயர்த் துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் வண்டி நைனா," என்றார். "எவ்ளோ பெட்ரோல் போவணும், எப்போ நெருப்பு வரணும், எல்லாம் ஒரு பொட்டி சொல்லும். பொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ஒயரத்தான் உங்க எலி பிரியாணி போட்டுக்கீது. பொட்டியில தண்ணி வேற. எலி மூத்திரம்னு நெனைக்கறேன்."

புது ஒயரும் புதுப் பெட்டியும் போட்டால் வேனைவிட அதிகமாகும் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். செங்கல் சூளை ஒன்றின் பின்னால் இதே மாதிரி பழைய வேன் ஒன்று கிடந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய வண்டி. கார்புரேட்டர் வைத்தது. உடம்பெல்லாம் துரு, எஞ்சின் மட்டும் நல்லது. அதைக் கழற்றி இதில் மாட்டிவிடலாம்.

"ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அதே அடி, அதே போல்ட். இவன் படிச்சவன், அவன் படிக்காதவன். படிக்காதவன் எதயும் கேக்க மாட்டான், ஓடுவான். இன்னா சொல்றே?"

நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஒன்று புரியாவிட்டால் தலை தானாக ஆடும். பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தப் பழக்கம். பத்தாவது வரைக்கும் தலையை ஆட்டியே வந்துவிட்டேன்.

பங்குனியில் வேலை முடிந்தது. சூளைக்குப் பின்னால் கிடந்த எஞ்சின் என் வேனுக்குள் உட்கார்ந்தது. அது போட்ட சத்தம் வேறு. முன்பு சாவியைத் திருப்பினால் முனகலோடு கிளம்பும். இப்போது சோக் என்று ஒரு குமிழை இழுக்க வேண்டும், இரண்டு தடவை மிதிக்க வேண்டும், தும்மும், இருமும், பிறகுதான் கிளம்பும். எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்று மேஸ்திரி மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் வேறு வேறாகச் சொன்ன மாதிரி இருந்தது. "கையில வந்துடும்," என்று முடித்தார்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி ஒரு பாலித்தீன் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை. அது இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் அணையவே இல்லை. பெட்டியே இல்லாத வண்டியில் எது தப்பு என்று எரிகிறதோ தெரியவில்லை. "அதப் பாக்காத," என்றார் மேஸ்திரி. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்றுவதைப் பற்றியும் ஏதோ சொன்னார். கம்ப்யூட்டர் வண்டிக்குப் பழைய எஞ்சினை எழுதித் தருவார்களா மாட்டார்களா என்று அவருக்கே சந்தேகம். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை, அதனால் மலையை விட்டு அதிக தூரம் நான் வேனை எடுப்பதில்லை.

வேலை முடிந்த அன்றே மலையேறும்போது வேன் நின்றது. மூன்றாவது வளைவில் இழுவை குறைந்து, விக்கி, அணைந்தது. பத்து நிமிஷம் காத்திருந்தேன். கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. ஒரு மணி நேர வழி மூன்று மணி நேரமானது. மறுநாள் கீழே கொண்டுபோனேன். மேஸ்திரி தானே உட்கார்ந்து வாணியம்பாடி ரோட்டில் போய்த் திரும்பினார். தேர் மாதிரி ஓடியது.

"எங்க நிக்குது?"

"மேல."

"மேலன்னா?"

"மேல போவச் சொல்லோ."

"சோக்க உள்ள தள்ள மறந்திருப்ப."

தலையை ஆட்டினேன். சோக்கை நான் மறக்கவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது ஒருவேளை மறந்திருப்பேனோ என்றுதான் தோன்றியது. இப்படியே சித்திரை, வைகாசி போனது. மலையில் நிற்கும். கீழே இறக்கினால் ஒன்றும் இருக்காது. பிளக் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். கடைசித் தடவை, "டேங்க ரொப்பிட்டு ஏறிப் பாரு, அடியில குப்பை இருந்தா தெரியும்," என்றார். எங்கள் பக்கம் யாரும் டேங்கை நிரப்புவதில்லை. பங்க் கீழேதான் இருக்கிறது. போகவர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் போடுவோம். ராத்திரி டியூப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. அன்றைக்கு முதல் தடவையாக வழிய வழிய நிரப்பினேன். வேன் ஒரு இடத்தில்கூட நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் அதே பெட்ரோலில், மலைமேல் இருக்கும் காவலூருக்கு நாலு நடை போய்வந்தேன். நிற்கவில்லை.

இந்த இடத்தில் என் மனைவியின் பரிட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். சமைப்பாள், பெருக்குவாள், பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிடுவாள். டீச்சர் அந்த வருஷத்தோடு ஓய்வு. பத்தாவது பாஸ் என்றால் அந்த இடத்துக்கு உன் பேரை எழுதுகிறேன் என்று மேலதிகாரி அம்மா சொல்லியிருந்தார்கள். விட்டால் கீழே இருந்து யாராவது வருவார்கள், அப்புறம் அந்த இடம் இருபது வருஷத்துக்குக் காலியாகாது. என் மனைவி ஒன்பதாவதோடு நின்றவள். நாற்பது வயதுக்கு மேல் தனித்தேர்வராகப் பணம் கட்டி, நாலு பாடம் பாஸ் பண்ணிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. ஆனி மாதத்தில் மூன்றாவது தடவை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் கரியால் சூத்திரம் எழுதி வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சுவாள். "இந்தத் தடவை இல்லன்னா புஸ்தகத்த இந்த அடுப்புல வெச்சுடுவேன்," என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்வாள்.

பரிட்சை ஆலங்காயத்தில், காலை பத்து மணிக்கு. எங்கள் ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. முதலில் மூன்று கிலோமீட்டர் மேடு ஏற வேண்டும். அதற்கப்புறம் ரோடு பெரும்பாலும் சமம், பிறகு கீழே இறக்கம். காலையில் ஏழேகாலுக்கு ஒரே ஒரு பஸ்.

முதல் நாள் சாயங்காலம் அவள், "நான் பஸ்ஸுலயே போய்க்கறேன்," என்றாள்.

நான் என் வாழ்நாளில் அடம் பிடித்தது குறைவு. அன்றைக்குப் பிடித்தேன். "பஸ்ஸுல கூட்டம். நின்னுக்கினே போவணும். நான் வேன்ல கொண்டுபோய் விடறேன்."

"வேன் நிக்காதா?"

"நிக்காது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் இவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்லி அவள் கேட்டதில்லை. "சரி," என்றாள்.

பஸ் போன அரை மணி நேரத்துக்குப் பிறகு கிளம்பினோம். அவள் முன் சீட்டில், அதாவது எஞ்சின் மேலேயே, உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டியில் எஞ்சின் இருப்பது அங்கேதான். மடியில் கணக்குப் புத்தகம், அதன் மேல் பாலித்தீன் கவரில் ஹால் டிக்கெட், இரண்டு பேனா, காம்பஸ் டப்பா. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஏறியிருப்போம். பெரிய புளியமரத்து வளைவில் வேன் விக்கியது. இன்னொரு விக்கல். அணைந்தது.

அவள் முணுமுணுப்பு நின்றது.

"ஒண்ணும் இல்ல," என்றேன்.

"எழுந்துக்கணுமா?"

"எழுந்துக்கோ."

அவள் புத்தகத்தோடு இறங்கினாள். சீட்டைத் தூக்கினேன். என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சீட்டை இறக்கினேன். பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பியது, ஒரு தென்னை உயரம் போயிருக்காது, நின்றது. மறுபடி அவள் எழுந்தாள். மறுபடி தொட்டேன். இப்படி மூன்று தடவை. மணி எட்டரை ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது, மேட்டு உச்சிக்குப் போனால்தான் கோடு காட்டும். இரண்டு பைக் போனது. ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் இரண்டு பேரும் நடுவில் ஒரு ஆடும்.

அவள் திட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து காம்பஸ் டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குத் திரும்பலாம்," என்றேன். "யார்னா பைக்க கேட்டு வாங்கறேன்." கேட்டு வாங்குவது என்று என் வாயிலிருந்து வந்ததே எனக்கு ஆச்சரியம். வேனை நியூட்ரலில் விட்டுத் தள்ளி, மெல்ல வளைத்து, முகத்தை ஊர்ப் பக்கம் திருப்பினேன். சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. விக்கல் இல்லை, இருமல் இல்லை. மிதித்தால் உறுமியது.

இதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். மலையில் நின்ற வண்டியைத் திருப்பினால் நன்றாக ஓடும். மேஸ்திரியிடம் இதைச் சொன்னதில்லை. முகத்தைத் திருப்பினால் ஓடுகிறது, இந்தப் பக்கம் வைத்தால் நிற்கிறது என்று ஒரு வளர்ந்த ஆள் எப்படிச் சொல்வது? பேய் பிடித்த மாடா அது? சிரிப்பார்கள்.

அவள் கல்லிலிருந்து எழுந்து வந்தாள். அப்போதுதான் கோபம் வந்தது அவளுக்கு.

"இன்னாயா இது? போவ மாட்டேங்குது, வரதுக்கு மட்டும் ஓடுது! பொறந்த வூட்டுக்குப் போற பொண்ணு மாதிரி! மூஞ்சி அந்தப் பக்கம் இருந்தாத்தான் ஓடுமா? அப்போ அப்படியே பின்னாடியே போயேன்!"

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

வேன் மேலே ஏறியது. பின்பக்கமாக. பத்தடி, இருபதடி, ஐம்பதடி. விக்கவில்லை. நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மணி எட்டு நாற்பது.

"ஏறு," என்றேன்.

"எங்க ஏறட்டும்?"

பின் கதவை மேலே தூக்கிவிட்டு அவள் வேனின் பின்விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். மேட்டுப் பக்கம் அவள் முகம், பள்ளத்துப் பக்கம் என் முகம். ஒரே வண்டியில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். நான் கழுத்தை முறுக்கித் திறந்த கதவு வழியாக அவள் முதுகைத் தாண்டிப் பார்க்க வேண்டும். வளைவு வந்தால் அவள் சொல்வாள். "ஒடி, ஒடி, இன்னும் ஒடி. போதும். பள்ளம் இருக்குது, எடது பக்கம் வா. எடதுன்னா என் எடது இல்லயா, உன் எடது! அய்யோ, உனுக்கு எது எடது?" எனக்கும் அந்த நேரத்தில் அது தெரியவில்லை.

இரண்டாவது வளைவில் நூறு நாள் வேலைக்காரர்கள் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது பெண்கள் இருக்கும். எல்லாரும் எங்களுக்கு உறவு. மம்மட்டி நின்றது.

"எக்கா! பரிட்சைக்குப் போறியா, ஊர்கோலம் போறியா?"

"மாமாவுக்கு ஊர விட்டுப் போவ மனசில்ல! பாத்துக்கினே போறாரு!"

"யக்கா, ஃபெயிலானா வரதுக்குத் தோதா வண்டிய இப்பவே திருப்பி வெச்சுக்கினியா?"

கடைசியில் சொன்னவளை என் மனைவி பெயர் சொல்லி ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

முன்னால் போகிற வண்டி என்றால் சிரிப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள். பின்னால் போகிற வண்டியில் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை கழுத்து வலித்து நான் நேராகத் திரும்பினாலும் முன் கண்ணாடியில் இருபது பேரும் நின்றார்கள். கையாட்டினார்கள். காது எரிந்தது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய்க் கவர் கொடுக்கக்கூட மனைவியை அனுப்புகிற ஆள் நான். திருப்பிக் கையாட்ட வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினேன். அதற்கும் ஒரு கூச்சல்.

அடுத்து, கீழேயிருந்து பால் வண்டி ஏறி வந்தது. என் மூஞ்சிக்கு நேர் மூஞ்சி. அந்த டிரைவர் நான் இறங்கி வருகிறேன் என்று நினைத்து ஓரம் கட்டி நின்று வழிவிட்டார். நான் அவரை விட்டு விலகி விலகிப் போனேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிளம்பி வந்தார். மறுபடி நின்று வழிவிட்டார். கடைசியில் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, எறங்குறியா, ஏர்றியா?"

"ஏர்றேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மூஞ்சி இங்க இருக்குதே?"

தலையை ஆட்டினேன்.

மேட்டு உச்சிக்கு வந்தபோது ஒன்பது ஐந்து. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. வேனைத் திருப்பினேன். அவள் ஓடிவந்து எஞ்சின் மேல் உட்கார்ந்தாள். மிச்ச வழியில் இருந்த இரண்டு சின்ன ஏற்றத்தையும் வேகத்திலேயே தாண்டினேன். அதற்கப்புறம் இறக்கம்தான். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சூத்திரமா, சாமியா, என்னைத் திட்டுவதா என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூட கேட்டை வாட்ச்மேன் பாதி மூடியிருந்தார். ஒன்பது ஐம்பத்தைந்து. வேன் நிற்பதற்கு முன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள். செருப்பில் ஒன்று வேனுக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவள் திரும்பவில்லை. ஒற்றைச் செருப்போடு உள்ளே போனாள். நான் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். "உள்ள வுட முடியாது சார்," என்றார் வாட்ச்மேன். கையில் செருப்போடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு மேஸ்திரியிடம் போனேன். அன்றைக்கு எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இருபது பெண்களுக்கும் பால் வண்டிக்கும் முன்னால் ஆன பிறகு கூச்சப்பட மிச்சம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏறும்போது நிற்பது, திருப்பினால் ஓடுவது, டேங்க் நிரம்பியிருந்தபோது நிற்காதது, பின்பக்கமாக ஏறியது. நான் அவரிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இத ஏன் நைனா மொதல்லயே சொல்லல?"

"நீங்க சோக்குன்னு சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! நீ சொல்லணும்ல?"

டேங்கைக் கழற்றி இறக்கினார். உள்ளேயிருந்து ஒரு கை நீளத்துக்கு ஒரு சாமானை எடுத்தார். கம்ப்யூட்டர் எஞ்சின் இருந்த காலத்தில் பெட்ரோலை அங்கிருந்து தள்ளிவிட்ட மோட்டார். பழைய எஞ்சினுக்கு அது தேவையில்லை. அதற்குத் தன் உடம்பிலேயே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும் பம்ப் உண்டு. எலி தின்ற ஒயரையெல்லாம் கழற்றியபோது இதன் ஒயரும் போய், மோட்டார் மட்டும் உள்ளேயே கிடந்திருக்கிறது. செத்த மோட்டாருக்குள்ளே புகுந்துதான் பெட்ரோல் வர வேண்டியிருந்திருக்கிறது.

"பழைய எஞ்சின் போட்டவன் டேங்க எதுக்குத் தொடணும்னு இருந்துட்டேன்," என்றார். "எனக்குத் தெரிஞ்ச டேங்கு எல்லாம் வெறும் டேங்கு. அதுக்குள்ள ஒரு மோட்டார் இருக்குன்னு மண்டையில ஏறல."

டீக்கடையிலிருந்து ஒரு சோடா பாட்டிலும் ஸ்ட்ராவும் கொண்டுவரச் சொன்னார். ஸ்ட்ராவின் அடியில் பஞ்சை அடைத்து என்னிடம் கொடுத்து, "உறிஞ்சு," என்றார். கஷ்டமாக வந்தது. "ஏறச் சொல்லோ எஞ்சின் மேல, டேங்க் கீழ. இப்படி. திருப்புனா டேங்க் மேல, எஞ்சின் கீழ. தானா எறங்கும். டேங்க் ரொம்பியிருந்தா பெட்ரோல் மட்டமும் ஒசரும், அதான் அன்னிக்கு நிக்கல." பாட்டிலை என் வாய்க்கு மேலே தூக்கிச் சாய்த்தார். சோடா சட்டையில் கொட்டியது. புரிந்ததா என்றார். தலையை ஆட்டினேன். பாதி புரிந்தது. டேங்கும் எஞ்சினும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது, அந்தக் கொஞ்ச உயரத்துக்கா இவ்வளவும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். ஆனால் அவர் அந்த மோட்டாரை எடுத்துவிட்டு வெறும் குழாய் ஒன்றைப் போட்டு மாட்டினார். அதற்கப்புறம் வேன் நிற்கவில்லை. எனவே அவர் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஒன்றேகால் மணிக்கு அவள் வெளியே வந்தாள். கேட்டில் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "எப்டி?" என்றேன்.

"தெரியல. நாலு பெரிய கணக்கு போட்டேன். ஒண்ணு பாதியில வுட்டுட்டேன். வட்டம் போடறதுல பென்சில் முனை ஒடஞ்சிருச்சு, பக்கத்துல இருந்த பொண்ணு பென்சில் கொடுத்துச்சு." பிறகு என் சட்டையைப் பார்த்தாள். "நீ எதுல வுழுந்த?"

"சோடா."

மலையேறும்போது தூங்கிவிட்டாள். நான் ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். நிற்காதபோதும் ஏதோ தப்பாக இருப்பதுபோலவே இருந்தது.

ஆடி மாதம் ஒரு காலையில் ரிசல்ட். ஊரில் போன் எடுக்காது என்பதால் மேட்டு உச்சிக்கு வேனில் போனோம். முன்பக்கமாகவே ஏறியது. உச்சியில் ஓரம் கட்டினேன். அவள் போனில் பரிட்சை நம்பரை அடித்தாள். தப்பாக அடித்தாள். மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் விட்டிருந்தால் முதல் மணிக்கே போய் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாதியில் விட்ட கணக்கு என் கணக்கில்தான் வரும்.

அவள் போனை என் பக்கம் நீட்டினாள். கணக்கு என்று இருந்த இடத்தில் முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் போதும். நான் இரண்டு தடவை படித்தேன். அவள் பேரையும் சேர்த்துப் படித்தேன்.

"சரியாப் பாத்தியா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்குது."

அவள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வேனை ஊர்ப் பக்கம் திருப்புவதற்காக ரிவர்ஸ் போட்டுப் பாதி ரோட்டில் குறுக்கே நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பால் வண்டி மேலே வந்தது. அதே டிரைவர். எங்களைக் கண்டதும் பிரேக் போட்டு, தலையை நீட்டினார்.

"அண்ணே! இன்னிக்கி ஏர்றியா, எறங்குறியா?"

நான் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினேன். என் மனைவி என்னைத் தாண்டி ஜன்னலுக்கு எட்டிச் சத்தமாகச் சொன்னாள்:

"பாஸாயிட்டேன்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தலையை மெல்ல ஆட்டினார். அந்த ஆட்டல் எனக்கு நன்றாகத் தெரியும்.